களிக்கு ஒரு வீகன் குழம்பு: பிதுக்குப்பருப்பில் கறிக்குழம்பு ருசி

வீகன் சாப்பாடு (கறி, முட்டை, பால் என விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராதது) என்றாலே எங்கள் தருமபுரிப் பக்கம் பலருக்கு நினைவுக்கு வருவது வேகவைத்த காய்கறியும் உப்பு உறைப்பு இல்லாத சாலட்டும்தான். "பால் கிடையாது, தயிர் கிடையாது, நெய்யும் கிடையாது, அப்புறம் எதைத்தான் சாப்பிடுவது?" என்று கேட்பார்கள். இதற்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை, தட்டில்தான் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பை எதிர்பார்த்து உட்காரும் மாமனாரே இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னால், விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

கறிக்குழம்பின் ருசியில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சிவக்க வதங்கிய வெங்காயம், வறுத்து அரைத்த மசாலா, தேங்காய், மேலே மிதக்கும் எண்ணெய். எல்லாமே செடி கொடியில் விளைந்தவை. அந்தப் பக்குவத்தை அப்படியே பிதுக்குப்பருப்புக்கு, அதாவது ஊறவைத்துத் தோல் பிதுக்கிய மொச்சைக்குக் கொடுக்கப் போகிறோம். கூடவே கேழ்வரகுக் களி. முதன்முறை சமைப்பவரும் செய்யலாம். அளவு நான்கு பேருக்கு.

முதல் நாள் இரவு

காய்ந்த மொச்சை ஒரு கப் எடுத்து, நிறைய தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவையுங்கள். மார்கழி, தை மாதங்களில் ஓசூர்ப் பக்கத்துப் பச்சை அவரைக்கொட்டை சந்தைக்கு வரும். அது கிடைத்தால் ஊறவைக்கும் வேலை குறைவு, மணமும் தனி.

காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மொச்சையின் ஒரு முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால், தோல் கையில் தங்கிவிடும். பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே பாயும். கிண்ணத்தைக் கைக்குக் கிட்டே வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதி தரையில்தான் கிடக்கும். நேரம் பிடிக்கிற வேலை, பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். இதைத் தவிர்க்காதீர்கள். தோலோடு போட்டால் சுண்டல் போல வாயில் தட்டும். தோல் நீங்கியது வெண்ணெய் மாதிரிக் கரையும்.

உரித்த பருப்பைக் கொஞ்சம் உப்புப் போட்டுத் தனியாக வேகவையுங்கள். விரலால் அமுக்கினால் மசிய வேண்டும், ஆனால் உருக்குலையக் கூடாது. மொச்சையை அரைவேக்காட்டில் சாப்பிடக் கூடாது என்பதால் குழம்பில் போடும் முன்பே இதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மசாலா

வாணலியில் எண்ணெய் விடாமல், சிறு தீயில் ஒவ்வொன்றாக வறுங்கள்: கொத்தமல்லி விதை 2 மேஜைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 6, மிளகு, சீரகம், சோம்பு ஒவ்வொன்றும் ஒரு தேக்கரண்டி, பட்டை ஒரு துண்டு, கிராம்பு 3. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் மல்லி வறுபடும் முன்பே சீரகம் கருகிவிடும். கடைசியில் துருவிய தேங்காய் கால் கப் போட்டுப் பொன்னிறமாக வறுத்து, ஆறியதும் தண்ணீர் தெளித்து வெண்ணெய்ப் பதத்தில் அரையுங்கள்.

குழம்பு

முழு ருசியும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் 4 மேஜைக்கரண்டி ஊற்றுங்கள். எண்ணெயைக் குறைத்து வீகன் சமையலுக்குக் கெட்ட பெயர் வாங்கித்தர வேண்டாம். நெய், வெண்ணெய் எதுவும் சேர்க்கவில்லை, இந்த எண்ணெயாவது இருக்கட்டும். கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 20, தட்டிய இஞ்சி, 8 பல் பூண்டு போட்டு வதக்குங்கள்.

கண்ணாடி போல ஆனதும் அடுத்த பொருளைப் போட்டுவிடுவது புதிதாகச் சமைப்பவர்களின் வழக்கம். பொறுங்கள். ஓரங்கள் சிவந்து, பிறகு முழுதும் செம்பழுப்பாக வேண்டும். மிதமான தீயில் பத்து நிமிடத்துக்கு மேலேயே ஆகும். சூட்டில் சர்க்கரையும், புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சேர்ந்து புதுப்புது மணங்களை உண்டாக்குகின்றன. 1912-ல் லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினை இது. கறி வறுபடும்போது தெரு முழுக்க வீசும் மணத்துக்கும் இதே வினைதான் காரணம்.

அப்புறம் நன்றாகப் பழுத்த தக்காளி மூன்று. பாலக்கோடு, இராயக்கோட்டைத் தக்காளி நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும்போது காயாகப் பார்த்து வாங்காதீர்கள். 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேதா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டிய குளுட்டமேட் என்ற சுவைப்பொருள், பழுத்த தக்காளியிலும் இயற்கையாகவே இருக்கிறது. கறிச்சாற்றில் நாம் உணரும் அந்த ஆழமான சுவை இதனால்தான் குழம்பில் ஏறுகிறது.

தக்காளி கரைந்ததும் மஞ்சள்தூள், அரைத்த மசாலா, உப்பு போட்டு எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை கிளறுங்கள். வெந்த பருப்பை அதன் தண்ணீரோடு ஊற்றி, நாலு துண்டு கத்தரிக்காயும் போட்டு, சிறு தீயில் இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். இறக்கும் முன் புளித்தண்ணீர் ஒரு கரண்டி ஊற்றி ஒரு கொதி. மாம்பழப் பருவத்தில் புளிக்குப் பதில் கிளிமூக்கு மாங்காய் இரண்டு துண்டு போடலாம். அதைக் கத்தரிக்காயோடேயே சேர்த்துவிடுங்கள்.

களி

இரண்டரை கப் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு கைப்பிடி அரிசி நொய்யும் உப்பும் போட்டு வேகவிடுங்கள். நொய் மலர்ந்ததும் ஒரு கப் கேழ்வரகு மாவை நடுவில் குவித்துக் கொட்டி, துடுப்பால் மாவின் நடுவே ஒரு குழி போட்டு, மூடிச் சிறு தீயில் எட்டு நிமிடம் விடுங்கள். பிறகு கட்டி இல்லாமல் அழுத்திக் கிளறுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் வந்தால் களி வெந்துவிட்டது. தண்ணீர் தொட்டு உருண்டை பிடியுங்கள்.

பால் இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்துக்கு என்ன செய்வது என்று யாராவது கேட்டால் களியைக் காட்டலாம்: 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. பி12 வைட்டமின் கதை வேறு. தினமும் வீகனாகச் சாப்பிட நினைப்பவர்கள் அதற்கு மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பரிமாறும்போது

"இது வீகன், கறி போலவே இருக்கும்" என்று முன்னுரை கொடுக்காதீர்கள். கறி என்றதும் நாக்கு கறியைத் தேடும், ஏமாறும். பிதுக்குப்பருப்புக் குழம்பு என்று அதன் பெயரைச் சொல்லுங்கள் போதும். உருண்டையின் நடுவில் குழி செய்து, குழம்பு வழியும் அளவுக்கு ஊற்றி, பக்கத்தில் பச்சை வெங்காயம் வையுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு, பாலோ நெய்யோ சேர்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருந்தால் மட்டும் எண்ணெயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குழம்பு மீந்தால் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும், இட்லிக்கும் தொட்டுக்கொள்ளலாம். மீந்த களியைத் தண்ணீரில் போட்டுவைத்துக் காலையில் கரைத்து, உப்பும் நறுக்கிய சின்ன வெங்காயமும் போட்டுக் குடியுங்கள். மோர் இல்லையே என்றால் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய் கடித்துக்கொள்ளுங்கள்.