டேப் வாங்கக் கிளம்பும் முன் ஒரு ஏ4 தாளை மடியுங்கள்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் ஒரு 8 அங்குல டேப் (டேப்லெட்) ரொம்ப நாள் தூங்கிக்கொண்டிருந்தது. அப்பாவுக்காக நான் ஆசையாக வாங்கியது. ஓய்வுபெற்ற பிறகு அவருக்குப் பழைய புத்தகப் பைத்தியம் பிடித்துவிட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கும் நூல்களை ஒவ்வொன்றாக இறக்கிப் படிப்பார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது என்றார். தள்ளுபடி சமயமாகப் பார்த்து டேப்பை வாங்கி நீட்டினேன். பக்கம் முழுசாகத் தெரிந்தால் எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி பாதியில் திரையை விட்டு ஓடிவிட்டது. இரண்டு விரலால் இழுப்பதும் தள்ளுவதுமாக நாலு பக்கம்கூடத் தாண்டவில்லை. "இதுக்கு நான் லைப்ரரிக்கே போயிடுவேம்பா" என்று சார்ஜர் வயரைச் சுற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டார்.

டேப்பில் ஒரு குறையும் இல்லை. ஆளைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்கியது என் தப்பு. இரண்டாவது முறை வாங்கும்போது நிதானமாக ஒரு வரிசையில் போனேன். முதல்முறையாக டேப் வாங்குகிறவர்களுக்காக அதை அப்படியே எழுதுகிறேன்.

முதல் படி: துண்டுச் சீட்டில் ஒரு வரி

யார், எங்கே உட்கார்ந்து, எதைப் பார்க்கப் போகிறார்? ஒரே வரியில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் எழுதியவை இவை:

"அப்பா, கூடத்துச் சாய்வு நாற்காலியில், ஸ்கேன் புத்தகம்."
"அக்கா மகன், பிளஸ் ஒன், மேஜையில், கிளாஸ் வீடியோவும் கணக்கு நோட்டும்."
"நான், தாம்பரம் – கடற்கரை ரயிலில், பாதி நாள் நின்றுகொண்டு, செய்தியும் படமும்."

மூன்று வரிக்கும் மூன்று வேறு டேப். "எல்லாத்துக்கும்தான்" என்று எழுதத் தோன்றினால், ஒரு நாளில் அதிக நேரம் எது என்று பார்த்து அதை மட்டும் எழுதுங்கள். பக்கம் பக்கமாக டைப் அடிப்பது, எக்செல் வேலை, புராஜெக்ட் ரிப்போர்ட் என்று சீட்டில் வந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு லேப்டாப் பாருங்கள். டேப்புக்குத் தனியாகக் கீபோர்டு வாங்கிச் சேர்த்தால் விலை லேப்டாப் பக்கத்தில் போய் நிற்கும், வேலை மட்டும் பாதிதான் நடக்கும்.

இரண்டாம் படி: தாளை மடிப்பது

அங்குலக் கணக்கு நிறையப் பேரைக் குழப்புகிறது. அது திரையின் மூலைக்கு மூலை அளவு. கையில் பிடித்துப் பார்க்காமல் அந்த எண் ஒன்றும் சொல்லாது. அதற்கு ஒரு ஏ4 தாள் போதும்.

தாளைச் சரிபாதியாக மடியுங்கள். கிடைப்பது சுமார் 15 சென்டிமீட்டர் அகலம், 21 சென்டிமீட்டர் உயரம். இப்போது கடைகளில் நிறைய வரும் 11 அங்குல, 16:10 வடிவ (நீளம் 16 பங்கு, அகலம் 10 பங்கு) டேப்பின் திரை அகலம் ஏறத்தாழ இதேதான், உயரம் மட்டும் இரண்டரை சென்டிமீட்டர் கூட. 8.7 அங்குல டேப் என்றால் அகலம் 11 சென்டிமீட்டர் சொச்சம். மடித்த தாளின் ஓரத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டுக்கொண்டால் அதுவும் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து, படிக்கப்போகும் பிடிஎஃப்பில் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் கடையில் 70 சதவீத அளவுக்குச் சுருக்கி ஒரு பிரதியும், 54 சதவீதத்துக்கு இன்னொன்றும் எடுங்கள். ஏ4 பக்கம் 11 அங்குலத் திரையில் முதல் பிரதி மாதிரியும், 8.7 அங்குலத்தில் இரண்டாவது மாதிரியும் தெரியும். செலவு சில ரூபாய். அப்பாவிடம் இரண்டையும் கொடுத்தேன். முதல் பிரதியைக் கண்ணாடி போட்டுச் சரளமாகப் படித்தார். இரண்டாவதை ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போனார். கேள்வி அங்கேயே முடிந்தது.

இந்தத் தொல்லை எல்லாம் பக்கத்தைப் படமாகக் காட்டும் ஸ்கேன் பிடிஎஃப்புக்குத்தான். பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் தளத்தில் இருப்பது போன்ற, எழுத்தாகவே தட்டச்சு செய்த நூல்களில் வேண்டிய அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி தானாக மடங்கிக்கொள்ளும். அதற்கு 8 அங்குலம் தாராளம். ஐபேட் மாதிரி 4:3-ஐ ஒட்டிய வடிவத் திரையில் புத்தகப் பக்கம் இன்னும் நன்றாக உட்காரும். 16:10 சினிமாவுக்கு ஏற்றது.

பெரிய திரை என்றால் எடையும் உண்டு. 11 அங்குல டேப் அரைக் கிலோ பக்கம் வரும், கவர் போட்டால் இன்னும் கூடும். சாய்வு நாற்காலியில் மடியில் வைத்துக்கொள்ளலாம். காலை எட்டரை மணி ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் இதைத் தூக்கிப் பாருங்கள், கிண்டி வருவதற்குள் மணிக்கட்டு கெஞ்சும். என்னைப் போன்றவர்களுக்கு 8.7 போதும்.

மூன்றாம் படி: சிம் வேண்டுமா?

வீட்டை விட்டு வெளியே போகாத டேப்புக்குச் சிம் வேண்டாம், வைஃபை மட்டும் உள்ளதை எடுங்கள். வெளியே போனாலும் போன் ஹாட்ஸ்பாட் இருக்கிறது. சிம் வகைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் சில சமயம் திகைக்க வைக்கும். 2025-ல் வந்த 11ஆம் தலைமுறை ஐபேட் அறிமுகமானபோது வைஃபை வகை 34,900 ரூபாய், சிம் வகை 49,900. பதினைந்தாயிரம் வித்தியாசம்! ஆண்ட்ராய்டு டேப்களில் இவ்வளவு இருக்காது.

ஆனால் ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வைஃபை மட்டும் உள்ள டேப்பில் யுபிஐ ஆப்பைப் பதிய முடியாது. பதியும்போது அந்த டேப்பில் இருக்கும் சிம்மிலிருந்தே எஸ்எம்எஸ் போக வேண்டும். பெரிய திரையில் கரண்ட் பில் கட்டிக்கொள்ளலாம் என்று மாமா யாராவது நினைத்திருந்தால் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். வைஃபை ஐபேடில் ஜிபிஎஸ்ஸும் கிடையாது, அதனால் வண்டியில் மேப் பார்க்க லாயக்கில்லை. சிம் போட்ட ஐபேடிலும் சாதாரண போன் கால் பேச முடியாது. சிம் உள்ள ஆண்ட்ராய்டு டேப்களில் சிலவற்றில் பேசலாம், மாடலுக்கு மாடல் மாறும், கடையிலேயே ஒரு கால் போட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: பெட்டியில் இருக்கும் எண்கள்

ரேம் 4 ஜிபிக்குக் கீழே என்றால் தொடவே வேண்டாம். 6 அல்லது 8 இருந்தால் மூன்று நான்கு வருஷம் ஓடும். "4+4 ஜிபி" என்று போட்டிருந்தால் அதில் நிஜம் முதல் 4 மட்டும்தான். பின்னது ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கும் வித்தை, வேகத்தில் ரேமுக்குப் பக்கத்தில்கூட வராது.

ஸ்டோரேஜ் 64 ஜிபி என்றால் அதில் ஒரு நல்ல பங்கைச் சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். கிளாஸ் வீடியோ இறக்கி வைக்கும் பிள்ளைகளுக்கு 128 வேண்டும். ஐபேட் எதிலும் மெமரி கார்டு போட இடமில்லை. ஆண்ட்ராய்டில் பலவற்றில் உண்டு.

திரையின் புள்ளிக் கணக்கைக் கட்டாயம் பாருங்கள். 10 அங்குலத்தில் 1280×800 என்றால் ஓர் அங்குலத்தில் சுமார் 150 புள்ளிதான், தமிழின் சுழிகள் மசமசவென்று தெரியும். ணகரமும் னகரமும் ஒன்று போல இருக்கும். 1920×1200 என்றால் 225 பக்கம் வரும், சுத்தமாக இருக்கும். விலை குறைந்த டேப்களில் முதலில் கை வைக்கும் இடம் இதுதான்.

படம் பார்க்க வாங்குகிறவர்கள் "வைட்வைன்" (படத்தைத் திருடாமல் காக்கும் பூட்டு) தரத்தையும் கேளுங்கள். எல்1 வேண்டும். எல்3 என்றால் திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் மங்கலான 480பி தரத்தோடு நின்றுவிடும். கடைப் பையனுக்குத் தெரியாவிட்டால் டெமோ டேப்பில் நெட்ஃபிளிக்ஸ் ஆப்பின் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்க்கலாம். கேமரா மெகாபிக்சலை விட்டுவிடுங்கள். யாரும் டேப்பைத் தூக்கிக் கல்யாணப் போட்டோ எடுப்பதில்லை. (என் பெரியப்பா எடுக்கிறார். மேடையே மறைந்துவிடுகிறது.)

பேனா, தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும்

கணக்குப் போட, படம் வரைய டேப் வேண்டும் என்றால் பேனாவிலிருந்து தொடங்குங்கள், டேப்பிலிருந்து அல்ல. நூறு இருநூறு ரூபாய்க்கு ரப்பர் முனையோடு விற்பது பேனா இல்லை, குச்சியில் கட்டிய விரல். எழுதும்போது உள்ளங்கை பட்டால் அங்கேயும் கோடு விழும். சாம்சங்கில் டேப் எஸ்6 லைட், எஸ்9 எஃப்இ போன்றவற்றுக்குப் பெட்டியிலேயே பேனா வரும். ஏ9 பிளஸ் அந்தப் பேனாவை ஏற்கவே ஏற்காது, இது தெரியாமல் வாங்கிவிட்டு அப்புறம் பேனா தேடியவர்கள் உண்டு. ஐபேடுக்குப் பேனா தனிச் செலவு, எந்த ஐபேடுக்கு எந்தப் பேனா என்றும் பார்க்க வேண்டும். அக்கா மகனுக்கு இந்த ஒரு காரணத்தாலேயே டேப் முடிவானது.

பட்ஜெட்

கையில் இருக்கும் தொகையிலிருந்து முதலில் இரண்டாயிரத்தை எடுத்துத் தனியே வையுங்கள். கவர், டெம்பர்டு கிளாஸ், சில சமயம் சார்ஜர் (பெட்டியில் வெறும் கேபிள் மட்டும் வரும் மாடல்கள் பெருகிவிட்டன) எல்லாம் அதற்குள். மீதிதான் டேப்புக்கு.

பத்தாயிரத்துக்குள் என்றால் குழந்தைப் பாட்டும் யூடியூபும் பார்க்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பதினைந்திலிருந்து இருபத்தைந்தாயிரம் வரை உள்ள இடத்தில்தான் முக்கால்வாசி வீடுகளுக்கான டேப் இருக்கிறது. சாம்சங், லெனோவோ, ஷியோமி, ஒன்பிளஸ் எல்லாம் அங்கேதான் அடித்துக்கொள்கின்றன. அதற்கு மேலே போக ஒரு காரணம் பேனா, இன்னொன்று ஐபேட். ஐபேடுக்கு அப்டேட் பல வருஷம் வரும், ஆறு வருஷம் வைத்திருப்பேன் என்கிறவருக்குக் கணக்கு சரியாக வரும். இரண்டு வருஷத்தில் மாற்றுகிறவருக்கு அது வீண்.

கடையில் பத்து நிமிஷம்

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போவதென்றால் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். தி.நகர், வேளச்சேரி பக்கப் பெரிய ஷோரூம்களில் பேரம் குறைவு, ஆனால் டெமோ டேப்பை நிதானமாகத் தொட்டுப் பார்க்கலாம். நான் ஷோரூமில் பார்த்துவிட்டு விலையை நாலு இடத்தில் விசாரித்தேன்.

போகும்போது உங்கள் பிடிஎஃப் ஒன்றைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட் கொடுத்து டெமோ டேப்பில் அதைத் திறக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் ஓட்டிக் காட்டும் கிளியும் அருவியும் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் பக்கத்தைத் திருப்பும்போது அது தயங்குகிறதா, சுழி தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஒரு தடவை. செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட்டின் தேதியையும் பாருங்கள். டெமோ டேப்பில் அது ஒரு வருஷம் பழசு என்றால், அப்டேட் வருவதே நின்றுவிட்டதா, அல்லது கடையில் போடாமல் விட்டார்களா என்று கேளுங்கள்.

பணம் கொடுக்கும் இடத்தில் ஒரு பேச்சு வரும்: "பில் இல்லாமன்னா குறைச்சுத் தர்றேன் சார்." வேண்டாம். டேப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அந்தத் தொகை சபலப்படுத்தும்தான். ஆனால் பில் இல்லாமல் வாரண்டிக்கு அலைவது பெரிய பாடு. நம் ஊர்க் கடை பில்லில் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்க வேண்டும், அது தமிழ்நாட்டுக்கான எண். பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்கும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். கேள்விப்படாத பெயரில் "12 ஜிபி ரேம், ஆறாயிரம் ரூபாய்" என்று நீட்டினால் இதைச் செய்து பாருங்கள். பழைய டேப் என்றால், அதில் சிம் வசதி இருந்தால், *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை (சாதனத்தின் அடையாள எண்) மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

சீல் பிரிப்பது உங்கள் கண்ணெதிரே நடக்கட்டும். சார்ஜ் ஏறுகிறதா, இரண்டு பக்க ஸ்பீக்கரும் பேசுகிறதா, வெள்ளைத் திரையில் புள்ளி ஏதும் கறுப்பாக நிற்கிறதா, இவ்வளவு பார்த்தால் போதும்.

வீட்டுக்கு வந்த முதல் மாலை

வைஃபையில் போட்டு எல்லா அப்டேட்டையும் முடியுங்கள், ஒரு மணி நேரம் ஆகலாம். கீபோர்டு செட்டிங்ஸில் தமிழைச் சேருங்கள். கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தமிழ்க் கையெழுத்தும் குரலும் உண்டு. பெரியவர்களுக்குக் குரலைக் காட்டிக் கொடுத்தால் தேடுவது சுலபம். எழுத்தளவை இரண்டு படி ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பைப் போனிலிருந்து "இணைத்த சாதனங்கள்" வழியாகச் சேர்த்துவிடுங்கள், போனைத் தவிர நாலு சாதனம் வரை இணைக்கலாம். ஐபேடுக்குத் தனி வாட்ஸ்அப் 2025 மே மாதம்தான் வந்தது.

அப்பா இப்போது 11 அங்குலத்தில் தினமும் ராத்திரி பத்து வரை படிக்கிறார். ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த 8 அங்குலத்தை அக்கா அடுப்படிக்கு எடுத்துக்கொண்டாள். ஒரு பாலிதீன் கவருக்குள் போட்டு மிக்ஸி பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறாள். மாவுக் கையோடு தொட்டாலும் வேலை செய்கிறது.