திறந்த அரசு: கூட்டாண்மையில் சேர்ந்த நாட்டை விதிப்படி நடக்க வைப்பது எப்படி?

அரசுகள் வெளிப்படையாக நடப்பதாக உறுதி தந்து சேரும் பன்னாட்டு அமைப்புதான் ஓஜிபி எனப்படும் திறந்த அரசுக் கூட்டாண்மை. அதில் இலங்கை 2015-லேயே சேர்ந்துவிட்டது. சரி, அரசு சும்மா இருந்தால்?

விதிப்படி, அரசும் குடிமைச் சமூக (மக்கள்) அமைப்புகளும் சேர்ந்து உட்காரும் மன்றம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அரசு தன் வாக்குறுதிகளை எழுதும் செயல்திட்டத்துக்கு மக்கள் சொன்ன யோசனையை ஏற்றாலும் தள்ளினாலும் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். பல அரசுகள் வழுக்குவது இந்தப் பதிலில்தான், அதனால் நீங்கள் கொடுத்த யோசனை, தேதி, வந்த பதில் (வந்தால்!) எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, ஓஜிபியின் சுயாதீன மதிப்பீட்டுப் பிரிவிடம் கொடுங்கள். தொடர்ந்து இரண்டு செயல்திட்டச் சுற்றில் விதி மீறினால் நாடு ஓஜிபியின் மறுஆய்வுக்குப் போகும்.

அரசு குடிமைச் சமூக அமைப்புகளையே நெருக்குகிறதா? ஓஜிபியின் வழிநடத்தும் குழுவுக்குக் கவலைக் கடிதம் எழுதலாம். அஸர்பைஜான் மீது 2015-ல் போன கடிதம், 2016-ல் அதைச் செயலற்ற உறுப்பினராக்கியது. அப்புறம், கடிதம் தனியாள் பேரில் செல்லாது, அமைப்பின் பேரில் அனுப்புங்கள்.