கம்ப்ரஸர் காற்றுக் கசிவை மீட்டரே காட்டிக்கொடுக்கும்

ஆலையில் மற்ற இயந்திரங்கள் எல்லாம் நின்றிருக்கும்போது கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு, டிஜிட்டல் மின்மீட்டரின் நிமிடவாரிப் பதிவைப் பாருங்கள். காற்றை யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் அது அடிக்கடி லோடு எடுத்தால் (அதாவது, சும்மா சுழலாமல் காற்றை அழுத்தி நிரப்ப ஆரம்பித்தால்), அத்தனையும் கசிவுக்குப் போகிற மின்சாரம்தான். லோடில் ஓடிய நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால், கம்ப்ரஸர் திறனில் எத்தனை சதவீதம் வீணாகிறது என்று தெரிந்துவிடும்: 10 நிமிடத்தில் 3 நிமிடம் என்றால் 30%. புது கம்ப்ரஸர் கேட்பதற்கு முன் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்ப்பது நல்லது! அப்புறம், அழுத்தத்தை 7 பாரிலிருந்து 6 பாருக்கு இறக்க முடிந்தால் சுமார் 7% மின்சாரம் மிச்சம், கசிவும் குறையும்.

வேகம் மாறி ஓடும் விஎஃப்டி கம்ப்ரஸருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, காற்றோட்டத்தின் அளவைக் காட்டும் ஃப்ளோ மீட்டர்தான் வேண்டும். 24 மணி நேரமும் ஓடும் ஆலைக்கும் அப்படியே.