கூறை எடுக்கப் போகிறவர்களுக்கு

நாள் பார்த்துக் கொடுக்க ஐயர் இருக்கிறார். கடைக்குள் தலை குழம்பாமல் நிற்க நாங்கள்தான் வழி பார்க்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை பக்கத்துக் கலியாணம் என்றால் கூறைச் சீலை, தாலிக்கொடி இரண்டுக்கும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள்.

இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் பெரியகடைப் பக்கத்துப் புடவைக்கடையிலிருந்து கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்கு நடந்தே போகலாம், ஆசை வரும். ஆனால் இரண்டு மணித்தியாலம் நிறம் பார்த்து அலுத்த தலையோடு பவுண் கணக்குப் பார்க்கக்கூடாது.

எவ்வளவு காசு, எந்த நிறம், எது வேண்டவே வேண்டாம். இந்த மூன்றையும் வீட்டிலேயே கொப்பியில் எழுதுங்கள். "மனதில் இருக்குதானே" என்பார்கள். ஒரே நேரத்தில் மனதில் ஏழு விஷயம் மட்டில் நிற்கும் என்றார் உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர், 1956இல். 2001இல் நெல்சன் கோவன் என்ற இன்னொரு உளவியலாளர் அதை நாலு மட்டில் என்று குறைத்துவிட்டார். புலோலி நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி என்று பெயர் எடுத்தவர். நூறு விஷயத்தில் கவனம் வைக்கிறவருக்குத்தான் அந்தப் பட்டம். எங்களுக்குக் கொப்பிதான் சரி.

கடைக்காரத் தம்பி சீலைகளை விரித்துக்கொண்டே போவார். அது அவருடைய வேலை. நாலாவதை விரிக்க முதல், கிடக்கிறதில் ஒன்றை மடிக்கச் சொல்லுங்கள். எந்த நேரமும் மேசையில் மூன்றுதான். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இருபது சீலை குவிந்தால் முதல் பார்த்தது மறந்துவிடும். கடைசியில் களைப்பு எதைக் காட்டுதோ அதைத்தான் எடுப்பீர்கள். பிடித்ததை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், கடை லைட்டில் அரக்கும் சிவப்பும் ஒன்றுதான். கொப்பியில் எழுதிய மூன்றுக்கும் பொருந்தினால் எடுத்துவிடுங்கள். 1978இல் பொருளியலுக்கு நோபல் வாங்கிய ஹேர்பட் சைமன் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: ஆகத் திறமானதைத் தேடி அலையாமல், போதுமென்று முதலே வைத்த அளவுக்கு வந்ததை எடுப்பது.

பெரியம்மா, மாமிமாரை விட்டுவிட்டுப் போக ஏலாது, கோபம் வரும். கதிரையில் இருத்தி, கடைசி இரண்டை மட்டும் காட்டுங்கள்.

நகைக்கடையில் ஒருவர் டிசைன் பார்க்கட்டும்; இன்னொருவர் தராசை மட்டும் பார்க்க வேண்டும், போன் வந்தாலும் எடுக்காமல். 1999இல் சைமன்ஸ், சப்ரிஸ் என்ற இரண்டு பேர் ஒரு வீடியோவைக் காட்டி, பந்து எத்தனை தரம் கைமாறுது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா உடுப்போடு ஒரு ஆள் நடந்து போனதைப் பாதிப் பேர் காணவேயில்லை. பதக்கத்தின் பூ வேலையில் கண் வைத்திருக்கிறவருக்குத் தராசும் அப்படித்தான்.

பவுண் 8 கிராம். அன்றைய விலை, செய்கூலி, சேதாரம் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். சோடா தந்தால் குடித்து முடித்துவிட்டுப் பில்லைக் கையில் எடுங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் கணக்குப் போடட்டும். அட்வான்ஸ் துண்டில் கொடி தரும் திகதி எழுதியிருக்கா என்று பார்த்துவிட்டு எழும்புங்கள்.