வினைக் கட்டுப்பாட்டுக் காரணியைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வகுத்தல்

கிராமைப் பார்த்தோ மோலைப் பார்த்தோ உடனே முடிவு கட்டாதீர்கள். சமன் செய்த சமன்பாட்டில் ஒவ்வொரு வினைபடுபொருளின் மோலையும் அதன் முன்னால் உள்ள எண்ணால் வகுங்கள். எந்தப் பொருளின் ஈவு சிறியதோ, அதுதான் முதலில் தீரும்; அதுவே வினைக் கட்டுப்பாட்டுக் காரணி.

28 கிராம் நைட்ரஜனும் 5 கிராம் ஹைட்ரஜனும், ஏதாவது ஒன்று தீரும்வரை வினைபுரிந்து அம்மோனியா ஆவதாகக் கொள்வோம். சமன்பாடு N₂ + 3H₂ → 2NH₃, அதாவது விகிதம் 1 : 3 → 2. கிராமை மோலார் நிறையால் (ஒரு மோலின் நிறை) வகுத்தால் நைட்ரஜன் 28 ÷ 28 = 1 மோல்; ஹைட்ரஜன் 5 ÷ 2 = 2.5 மோல். மோல் எண்ணிக்கையில் ஹைட்ரஜன்தான் அதிகம்; பலர் சறுக்குவது இங்கேதான். வகுத்தால் நைட்ரஜனுக்கு 1 ÷ 1 = 1, ஹைட்ரஜனுக்கு 2.5 ÷ 3 = 0.8333. ஆக, தீர்ந்துபோவது ஹைட்ரஜன்.

அந்தச் சிறிய ஈவை வீசிவிடாதீர்கள், மீதிக் கணக்கு முழுவதும் அதிலேயே இருக்கிறது. அம்மோனியா 0.8333 × 2 × 17 = 28.33 கிராம். மிஞ்சும் நைட்ரஜன் (1 − 0.8333) × 28 = 4.67 கிராம். இரண்டையும் கூட்டினால் 33; நாம் எடுத்ததும் 28 + 5 = 33. இந்தக் கூட்டலுக்குப் பத்து விநாடி போதும், தேர்வில் கட்டாயம் செய்யுங்கள்.

ஹைட்ரஜன் வாயு ஈரணு மூலக்கூறு. மோலார் நிறையை 2-க்குப் பதில் 1 என்று போட்டால் 5 மோல் வரும், ஈவு 1.67 ஆகும், நைட்ரஜன்தான் தீர்கிறது என்று விடையே தலைகீழாகிவிடும். இடையில் 0.8 என்று முழுமைப்படுத்தினாலும் அம்மோனியா 27.2 ஆகக் குறைந்துவிடும்.