ஊரில் அமர்வு கரப்பந்தாட்டம் தொடங்குவோம்: வன்னியிலிருந்து ஒரு செய்முறை

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம். அதையொட்டி எங்கள் ஊரில் ஒருமுறை அமர்வு கரப்பந்தாட்டப் போட்டி வைத்தார்கள், அதாவது தாழ்ந்த வலையைக் கட்டி, தரையில் உட்கார்ந்தபடியே ஆடும் கரப்பந்தாட்டம். தொப்பி கொடுத்தார்கள், மத்தியானம் சோற்றுப் பார்சலும் கொடுத்தார்கள். பொழுதுபடமுதலே வலையைச் சுருட்டி வாகனத்தில் ஏற்றிவிட்டார்கள். போரில் ஒரு காலை இழந்த அண்ணை ஒருவர், உடம்பெல்லாம் மண்ணோடு, "இனி எப்ப தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒருநாள் விழாவை விடுங்கள், வாராந்தப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

ஏன் கரப்பந்தாட்டம்? அது எங்கள் நாட்டின் தேசிய விளையாட்டு. எந்த ஊரிலும் ஒரு பந்தும், ஆடத் தெரிந்த நாலு பேரும் இருப்பார்கள்.

1. ஆட்களைச் சேருங்கள்

ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் என்பது விதி. தொடங்க நாலு பேர் போதும். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு பெறுவோரின் விபரம் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் இருக்கும். பட்டியலைக் கேட்காதீர்கள், அது மற்றவர்களின் சொந்த விபரம். உங்கள் செய்தியை அவர்களிடம் சேர்ப்பிக்கச் சொல்லுங்கள். பிறகு கிராம அலுவலருடன் வீடு வீடாகப் போங்கள். பெண்கள் முதல் தடவையில் வரமாட்டார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து ஒரு அக்காவைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் போங்கள்.

2. கடிதம் எழுதுங்கள்

பிரதேச செயலாளருக்கு ஒன்று, அதன் பிரதி விளையாட்டு உத்தியோகத்தருக்கு. "உதவி செய்யவும்" என்று பொதுவாக எழுதினால் அது கோவைக்குள் போய்விடும். "சனிக்கிழமை மாலை 4 முதல் 6 மணி வரை, ஆறு மாதங்களுக்கு மைதானம் வேண்டும், பயிற்றுநர் ஒருவர் வேண்டும்" என்று எழுதுங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தைக் குறிப்பிடுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. அதன் 30ஆம் உறுப்புரை விளையாட்டைப் பற்றியும் பேசுகிறது. அதையும் ஒரு வரியில் சேருங்கள். கழகமாகப் பதிவது எப்படி என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

3. தொண்டு நிறுவனத்திடம் போங்கள்

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருக்காக மாங்குளத்தில் உயிரிழை என்ற அமைப்பு இருக்கிறது. செயற்கைக் கால்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் இருக்கிறது. உங்கள் பகுதியில் இயங்கும் அமைப்பு எதுவென்று சமூக சேவை உத்தியோகத்தரே சொல்வார்.

பெரும்பாலும் எல்லாரும் பந்தும் ஜேர்சியும்தான் கேட்பார்கள். நீங்கள் ஓட்டோக் காசைக் கேளுங்கள். ஏ-9 வீதிக்கு உள்ளே பல கிலோமீற்றர் தள்ளி, கிரவல் ஒழுங்கையில் இருப்பவர் சக்கர நாற்காலியோடு எந்த பஸ்ஸில் ஏறுவார்? ஆட்களை ஏற்றி இறக்க வழியில்லாமல்தான் பயிற்சிகள் நின்றுபோகின்றன. மைதானமும் பயிற்றுநரும் அரசு, பயணமும் பொருட்களும் நிறுவனம், ஆட்களைத் திரட்டுவது கழகம் என்று ஒரே தாளில் எழுதி மூன்று தரப்பும் கையொப்பமிடுங்கள். பந்தும் வலையும் ஊரிலேயே இருக்கும் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

4. ஆடுகளம்

நீளம் 10 மீற்றர், அகலம் 6 மீற்றர். நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 2 மீற்றரில், முன்வரிசையின் எல்லையைக் காட்டும் தாக்குதல் கோடு. வலையின் மேல்விளிம்பு ஆண்களுக்கு 1.15 மீற்றர் உயரத்திலும் பெண்களுக்கு 1.05 மீற்றர் உயரத்திலும் இருக்க வேண்டும். இரண்டு காட்டுத்தடி நட்டு அளவைக் கத்தியால் வெட்டி அடையாளமிடுங்கள். வலை வரும்வரை முல்லைத்தீவுக் கரையில் கிடக்கும் பழைய மீன்வலைத் துண்டு போதும்.

தரையில்தான் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் ஆடுபவர் கையை ஊன்றி இழுபட்டே நகர்வார். நெருஞ்சியையும் கல்லையும் பொறுக்கி, மண்ணை வாரி, மேலே தறப்பாளை இழுத்துக் கட்டுங்கள். பிறகு உங்கள் உள்ளங்கையை அதில் பத்து விநாடி வைத்துப் பாருங்கள். சுட்டால் தொடங்காதீர்கள். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு அந்தச் சூடு தெரியாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். கடிதத்தில் மாலை நாலு மணியிலிருந்து என்று கேட்கச் சொன்னது அதனால்தான்.

5. முதல் நாள்

செயற்கைக் காலைக் கழற்றி நிழலில் வையுங்கள், வெயிலில் விட்டால் திரும்பப் போடும்போது தோலைச் சுடும். குழாய்வழி சிறுநீர் சேரும் பை பொருத்தியிருப்பவர் ஆடமுதல் அதை வெறுமையாக்க வேண்டும். படுக்கைப்புண் இருந்தால் ஆறும்வரை ஆட்டம் வேண்டாம், ஓரமாக இருந்து புள்ளி எழுதட்டும். உடம்பில் குண்டுச் சிதறல் உள்ளவர்கள் எங்கள் பக்கம் பலர். அவர்கள் முதலில் வைத்தியரிடம் கேட்டு வரட்டும்.

அப்புறம் விதி. பந்தைத் தொடும் நேரத்தில் இடுப்பிலிருந்து தோள்வரையுள்ள உடற்பகுதியில் ஏதாவது ஓரிடம் தரையைத் தொட்டிருக்க வேண்டும். எதிரணி போடும் சேர்விஸையே வலையில் மறிக்கலாம். நின்று ஆடும் ஆட்டத்தில் அதற்கு அனுமதியில்லை. முதல் இரண்டு கிழமை புள்ளியே எண்ணாதீர்கள், பந்து மூன்று தடவை வலையைக் கடந்தாலே போதும்.

6. மாரி

ஐப்பசியில் மழை பிடித்தால் மைதானம் குளமாகும். பொதுநோக்கு மண்டபத்தின் சீமெந்துத் தரைக்கு மாறுங்கள். வாசலில் படி இருந்தால் இரண்டு பலகை போட்டுச் சரிவு செய்யுங்கள். மண்டபத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறதென்று மழைக்கு முன்பே கேட்டு, அந்தப் பெயரையும் மூன்று தரப்பும் கையொப்பமிட்ட தாளில் எழுதி வையுங்கள்.