வாடி வாசலில் ஒரு முகம்: கறுப்பு வெள்ளையில் அண்மைப் படம் எடுக்கும் முறை

திருகோணமலைக் கரையிலுள்ள உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கரைவலை இழுத்துவிட்டு வாடிக்குத் (மீனவர் கரைக்குடிலுக்குத்) திரும்பும் ஒரு முதியவரின் முகத்தைக் கிட்ட நின்று ஆவணப் படமாக எடுக்க விரும்புபவர், கமராவை வெளியே எடுப்பதற்கு முன் அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். மீன் பிரித்து முடிந்தபின் "ஐயா, உங்கட முகத்தைக் கிட்ட வந்து ஒரு படம் எடுக்கலாமா?" என்று நேராகக் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

இந்தக் கரைகள் கிழக்குப் பக்கம் கடலைப் பார்த்தவை என்பதால், காலை வெயில் நேரே முகத்தில் அடித்துக் கண்களைச் சுருங்க வைக்கும். பிற்பகலில் வாடியின் நிழல் கடற்பக்க வாசலில் விழும்போது, திறந்த வானத்தின் மென்மையான ஒளி பக்கவாட்டில் வர, வெயில் படும் மணல் கீழிருந்து ஒளியைத் திருப்பி, புருவத்தின் கீழ் ஆழ்ந்திருக்கும் கண்களுக்குள்ளும் அனுப்புகிறது. கிழிந்த வலையைச் சரிசெய்ய அவர் வழக்கமாக அமரும் இடத்திலேயே அவர் இருக்கட்டும். ஒளிக்காக நகர வேண்டியவர் நீங்கள்தான்.

முழுச்சட்டகக் கமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு உணரி உள்ளது) 85 மி.மீ. லென்ஸ் போதும். 35 மி.மீ. லென்ஸோடு முகத்தை ஒட்டி நின்றால் மூக்குப் பெரிதாகத் தெரியும். ஒரு மீற்றர் தூரத்தில் லென்ஸின் துவாரத்தை எஃப் 1.8 என அகலத் திறந்து வைத்தால் ஏறக்குறைய ஒன்றரைச் சென்ரிமீற்றர் ஆழம்தான் கூர்மையாக விழும்; ஆகவே துவாரத்தைச் சுருக்கி எஃப் 5.6 வைத்து, உங்களுக்குக் கிட்டவுள்ள கண்ணில் குவியுங்கள்.

வாடியின் உட்புற இருட்டு சட்டகத்தை நிறைக்கும்போது, ஒளிமானி அந்த இருட்டையும் நடுத்தரச் சாம்பலாக்க முயன்று முகத்தை வெளிறச் செய்துவிடும். ஆகவே ஒளியளவை முக்கால் முதல் ஒரு நிறுத்தம் (அதாவது பாதி ஒளி) வரை குறைக்க வேண்டும். கருமையான தோலின் வடிவத்தைச் சொல்பவை நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வியர்வையோடு மின்னும் இடங்களே. அவை வெறும் வெள்ளையாகிப் போனால் பின்னர் மீட்க முடியாது.

கமரா பதிவுசெய்த மூலத் தரவான ரோ கோப்பைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்பு ஒளியின் பங்கைக் கூட்டினால் தோல் வெளுத்துச் சுருக்கங்கள் மறையும். நீலத்தைக் கூட்டினால் தோல் இருண்டு கரடுமுரடாகும். நான் பச்சையை ஒட்டியே நிற்கிறேன். கலியாணப் படங்களில் முகத்தை வெளுப்பாக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. உப்புக் காற்றும் வெயிலும் எழுதிய கோடுகளைத் தேடி வந்தவர் அதை இங்கே கொண்டுவருவது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம் என்றே கருதுகிறேன்.

பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டு, முதல் பிரதியை அதே வாடிக்குக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். படத்தின் கீழ் அவருடைய பெயரை எழுதலாமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.